அடுத்த பனிக்காலத்து விறகு

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈர விறகை அடுப்பில் வைத்து, ஊதுகுழலால் ஊதிக் கண் சிவந்த அனுபவம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆயினும் இங்கே அது சில நாள் தொல்லை. மழை நின்றால் அதுவும் தீரும். இமயமலைச் சரிவுகளில் வாழும் மக்களுக்கோ அது ஆண்டில் நான்கைந்து மாத வாழ்க்கையாகும். காஷ்மீர், லடாக், இமாசலப் பிரதேசம், உத்தரகாண்டம் ஆகிய பகுதிகளின் உயரமான ஊர்களில், குளிர்காலம் முழுவதும் குடும்பத்தார் அனைவரும் ஓர் அறையில் கூடி, ஒரே அடுப்பின் உஷ்ணத்தை நம்பி வாழ்கின்றனர். அவ்வடுப்பு சமைக்கிறது, நீர் காய்ச்சுகிறது, அறையைச் சூடாக்குகிறது. இரும்புத் தகட்டால் செய்து, புகைக்குழாய் பொருத்திய இவ்வடுப்பைப் பல இடங்களில் புகாரி என்றும், இமாசலத்தின் சில பகுதிகளில் தந்தூர் என்றும் அழைப்பர்.

அடுப்பைப் பற்றி நம் நாட்டில் பலர் சிந்தித்திருக்கின்றனர். ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பார் புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய நூல் 1953ஆம் ஆண்டில் சென்னையில் வெளியாயிற்று. மத்திய அரசு 1980களில் தொடங்கிய மேம்படுத்திய அடுப்புத் தேசியத் திட்டம் 2002 வரையில் நடைபெற்றது. 2016ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் தேதி உஜ்வலா திட்டம் தொடங்கிய பின்னர், சமையல் எரிவாயு கோடிக்கணக்கான வீடுகளை எட்டியுள்ளது. இவை யாவும் பாராட்டத்தக்கவையே. ஆயினும் அடுப்புக்குக் கிடைத்த கவனத்தில் கால் பங்கேனும் விறகுக்குக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. எரிவாயு சமையலுக்கு உதவும். பனிக்காலத்தில் இரவு பகலாக அறையைச் சூடாக்கும் செலவை ஏழைக் குடும்பம் அதனால் தாங்க இயலாது. ஆகவே குளிர்கால அடுப்பில் விறகு இன்னும் பல்லாண்டு எரியத்தான் போகிறது. எரியும் விறகு நன்கு உலர்ந்த விறகாக இருக்கட்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

விறகில் உள்ள நீர்

பச்சை மரத்தில் நீர் இரண்டு வகையாகத் தங்கியிருக்கிறது. மர அணுக்களின் உட்குழிகளில் தனித்து நிற்கும் நீர் ஒரு வகை. அணுச் சுவர்களில் ஊறி ஒட்டியிருக்கும் நீர் மற்றொரு வகை. மரம் உலரும்போது முதலில் உட்குழி நீர் வெளியேறும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவிகித நீர் எஞ்சும் நிலையில் உட்குழிகள் வற்றிவிடுகின்றன. அதன் பின்னரே சுவர் நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்கி, வெட்டுமுகத்தில் வெடிப்புகள் தோன்றும். திறந்த வெளியில் நன்கு உலர்ந்த விறகில் 15 முதல் 20 சதவிகித நீர் இருக்கும். இதற்கும் கீழே கொண்டுவர வீட்டுத் தேவைக்கு அவசியமில்லை.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். மலைப் பெண் ஒருத்தி 30 கிலோகிராம் பச்சை விறகைச் சுமந்து வருகிறாள் எனக் கொள்வோம். அச்சுமையில் 18 கிலோகிராம் மரமும் 12 கிலோகிராம் நீரும் இருப்பது இயல்பே. முற்றிலும் உலர்ந்த மரம் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 4,500 கிலோகலோரி உஷ்ணம் தரும். எனவே அச்சுமையில் அடங்கிய உஷ்ணம் 81,000 கிலோகலோரி. 10 டிகிரியில் உள்ள ஒரு கிலோகிராம் நீரைச் சூடாக்கி ஆவியாக்க 630 கிலோகலோரி தேவை. 12 கிலோகிராமுக்கு 7,560. இத்தொகை அறைக்குப் பயன்படாமல் புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சுவது 73,440.

அதே 30 கிலோகிராம் சுமை, 20 சதவிகித ஈரமுள்ள உலர் விறகாக இருந்தால், அதில் 25 கிலோகிராம் மரமும் 5 கிலோகிராம் நீரும் இருக்கும். நீரை ஆவியாக்கும் செலவு போக எஞ்சும் உஷ்ணம் 1,09,350 கிலோகலோரி. ஒரே சுமை, பயனோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வேறு வகையிற் சொன்னால், பச்சை விறகைச் சுமக்கும் பெண் தன் சுமையில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் நீரை மலையேறிச் சுமக்கிறாள்.

நீரைக் காட்டிலும் பெரிய நஷ்டம்

மேற்கண்ட கணக்கில் நீரால் நேரும் நேரடி நஷ்டம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. “அவ்வளவுதானே, அதற்காக ஓராண்டு காத்திருக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். ஆனால் உண்மையான நஷ்டம் வேறோரிடத்தில் இருக்கிறது.

மரம் நேரடியாக எரிவதில்லை. சூடேறியதும் அதன் எடையில் முக்கால் பங்கு எரியக்கூடிய வாயுக்களாகவும் ஆவிகளாகவும் பிரிந்து வெளிவருகிறது; எஞ்சிய கரியே தணலாக நின்று எரிகிறது. நாம் காணும் சுவாலை அவ்வாயுக்கள் எரிவதேயாகும். அவை முற்றும் எரிய வேண்டுமாயின் போதிய காற்றோடு 600 டிகிரி அளவுக்கு உஷ்ணமும் வேண்டும். ஈர விறகு வைத்த அடுப்பில், நீர் கொதிக்கும் இடமெல்லாம் 100 டிகிரியிலேயே தடைப்பட்டு நிற்கிறது, தீப்பெட்டி குளிர்கிறது. வாயுக்கள் வெளிவருகின்றன, ஆனால் எரிவதில்லை. அவை புகையாக மாறி வெளியேறுகின்றன. புகை என்பது எரியாமற் போன விறகே என்பதை ஒவ்வொரு பள்ளி மாணவனும் அறிந்திருத்தல் நன்று.

அப்புகையில் ஒரு பகுதி குளிர்ந்த குழாயின் உட்புறத்தில் தார்போலப் படிகிறது. நாளடைவில் குழாய் குறுகிப் புகை அறைக்குள் திரும்பும். படிந்த தார் ஒருநாள் தீப்பற்றினால், மரத்தால் கட்டிய மலைவீடுகளில் விளையும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பகுதி மிக நுண்ணிய துகள்களாக நுரையீரலின் அடிவரை செல்கிறது. அடுப்பருகே அமர்ந்திருக்கும் தாய்க்கு நாட்பட்ட மார்பு நோயும், அவள் மடியில் உள்ள குழந்தைக்கு நிமோனியாவும் வருவதற்கு இத்துகள்கள் காரணமாவதை மருத்துவர்கள் ஐயமற நிலைநாட்டியுள்ளனர்.

வன்மரமும் மென்மரமும்

எந்த மரம் சிறந்த விறகு என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. எடைக்கு எடை பார்த்தால் மரவகைகளுக்கிடையே உஷ்ண வேறுபாடு மிகக் குறைவு. பிசின் மிகுந்த சீர் பைன் சற்று அதிகமாகவே தரும். வேறுபாடு கனத்தில் இருக்கிறது. பாஞ்ச் எனப்படும் இமய ஓக் மரம், ஒரே பருமனுள்ள சீர் மரத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமுள்ளது. ஆகவே அடுப்பு கொள்ளுமளவு ஓக் கட்டைகள் அதிக நேரம் எரிந்து, நிலையான தணலையும் தரும். இரவெல்லாம் கணகணப்பு வேண்டும் வீட்டார் ஓக்கை நாடுவதன் காரணம் இதுவே.

ஆனால் இலையகன்ற மரங்களெல்லாம் கனமானவையல்ல. லடாக்கிலும் காஷ்மீரத்திலும் மிகுதியாக வளரும் வில்லோ, பாப்ளர் ஆகியவை இலையகன்றவையாயினும் இலேசானவை. விரைவில் உலரும், விரைவில் எரிந்தும் போகும். சீர் மரத்தின் பிசின் ஊறிய சிராய்கள் தீ மூட்டுவதற்கு மிகவும் ஏற்றவை. ஆனால் அடுப்பு முழுதும் அதையே இட்டால் கரும்புகையும் கரிப்பிடிப்பும் மிகும். மூட்டுவதற்குச் சீர் சிராய், நின்று எரிவதற்கு உலர்ந்த வன்மரம் என்பது பொருத்தமான முறை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வன்மரம் நல்ல விறகு என்று நாம் சொல்வது, ஓக் காடுகளை மேலும் வெட்டுவதற்கு அனுமதியாகிவிடக் கூடாது. மலைச் சரிவில் மண்ணையும் சுனை நீரையும் காப்பது அக்காடே. கால்நடைக்குத் தழை தருவதும் அதுவே. ஓயாமல் கிளை கழித்த ஓக் மரம் நலிகிறது. அதன் இடத்தைப் பல சரிவுகளில் சீர் பைன் பிடித்துக்கொள்கிறது. விறகு உலர்த்துவதன் பெரும் நன்மை இங்கேதான் வெளிப்படுகிறது. குறைந்த விறகில் அதே உஷ்ணம் கிடைக்குமாயின், காட்டின் மீதுள்ள பாரமும் அந்த அளவுக்குக் குறையும்.

தோட்டங்களையும் நாம் மறத்தலாகாது. இமாசலத்திலும் காஷ்மீரத்திலும் ஆப்பிள் மரங்களைக் குளிர்காலத்தில் கவாத்துச் செய்கின்றனர். கழித்த கிளைகளும், முதிர்ந்து அகற்றிய மரங்களும் நல்ல கனமுள்ள விறகு. அவற்றை வெட்டிய குளிர்காலத்திலேயே பச்சையாக எரித்துவிடுவது வீண். இவ்வாண்டுக் கவாத்து அடுத்த ஆண்டு விறகு என்ற வழக்கம் ஏற்பட வேண்டும்.

உலர்த்தும் முறை

மரத்தில் நீர் நார் ஓடும் திசையில் விரைவாகவும், குறுக்கே மிக மெதுவாகவும் நகர்கிறது. பட்டையோ நீரை வெளிவிடாமல் தடுக்கும் உறை. ஆகவே உருட்டுக் கட்டையாகக் கிடக்கும் மரம் இரண்டாண்டு கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கலாம். அடுப்பு வாய்க்கு ஏற்ற நீளத்தில், ஒன்று முதல் ஒன்றேகால் அடி வரை துண்டாக்கி, முன்கைப் பருமனுக்கு மேற்படாமல் பிளந்து வைத்தலே உலர்த்தலின் முதற்படி. பச்சையாக உள்ளபோதே பிளப்பது எளிது. காய்ந்து இறுகிய ஓக்கைப் பிளப்பது கோடரிக்கும் தோளுக்கும் சோதனை.

இமயத்தின் பருவங்கள் இவ்வேலைக்கு ஓர் அட்டவணையை வகுத்துத் தருகின்றன. மார்ச்சு முடிவதற்குள் விறகைச் சேர்த்துப் பிளந்துவிட வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயிலும் காற்றும் படுமிடத்தில், கற்களின் மீதோ குறுக்குக் கட்டைகளின் மீதோ, தரையில் படாமல் அடுக்க வேண்டும். துண்டுகளுக்கிடையே காற்று புகும் இடைவெளி இருத்தல் வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் அடுக்கின் மேல் தகடோ கூரையோ அமைக்க வேண்டும், பக்கங்களை மூடலாகாது. சுற்றிலும் தார்ப்பாயால் போர்த்திய விறகு தன் ஈரத்திலேயே வெந்து பூஞ்சணம் பிடிக்கும். மழைக்கால ஈரக்காற்றில் விறகு மேலும் உலராது. உலர்ந்ததைக் காத்துக்கொண்டால் போதும். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் மாதத்து வறண்ட வெயில் எஞ்சிய வேலையை முடிக்கும். இலேசான மரத்துக்கு இவ்வொரு சுற்று போதும். பருத்த ஓக் துண்டுகளுக்கு இன்னும் ஓராண்டு வேண்டியிருக்கலாம்.

ஒரு வாரத்துக்கு வேண்டிய விறகை அறைக்குள் கொண்டுவந்து வைப்பது நல்லது. ஆனால் அடுப்பின் மீதோ, அதை ஒட்டியோ அடுக்கி உலர்த்துவது ஆபத்து. நெருப்பால் உலர்த்த எண்ணி நெருப்புக்கே வீட்டைக் கொடுத்தவர் உண்டு.

ஆட்சேபங்கள்

ஈர விறகு மெதுவாக எரிவதால் சிக்கனம் என்று மலைப்பகுதியில் பலரும் நம்புகின்றனர். அது மெதுவாக எரிவது உண்மை. ஆனால் மெதுவாக எரியும் நேரமெல்லாம் அறை சூடாவதில்லை. நீர் ஆவியாவதும் வாயுக்கள் வீணாவதுமே நடைபெறுகின்றன. நெடுநேரம் எரிவதும் நெடுநேரம் உஷ்ணம் தருவதும் ஒன்றல்ல. உலர்ந்த கனமான கட்டையை அளவோடு இட்டால் இரண்டும் கிடைக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் வலிமையுடையது. அன்றன்று விறகு பொறுக்கி அன்றன்று எரிக்கும் ஏழைக் குடும்பம் ஓராண்டு விறகை எவ்வாறு முன்கூட்டிச் சேர்க்கும்? இதற்கு இடமும் வேண்டும், உழைப்பும் வேண்டும், களவு போகாதென்ற உறுதியும் வேண்டும். இவ்வாட்சேபத்தைப் புறக்கணித்துவிட்டு “விறகை உலர்த்துங்கள்” என்று சுவரொட்டி ஒட்டுவதால் யாதொரு பயனும் இல்லை. ஓராண்டு முன்னே சேர்க்கும் பெரும்பாரம் ஒருமுறைதான். அதன் பின்னர் ஆண்டுதோறும் எரிக்கும் அளவு சேர்த்தால் போதும். அந்த முதல் பாரத்தைத் தூக்கிவிடுவதற்குச் சமூகம் கைகொடுக்க வேண்டும். உத்தரகாண்டத்தில் 1931ஆம் ஆண்டு விதிகளின் கீழ்த் தோன்றிய வன பஞ்சாயத்துகள் இதற்கு ஏற்ற அமைப்புகள். பட்டுப்போன மரத்தையும் விழுந்த கிளைகளையும் குளிர்கால முடிவிலேயே பங்கிட்டுக் கொடுப்பதும், பொதுக் கூரை ஒன்றை எழுப்பி அடுக்கிக் காப்பதும் அவற்றால் இயலாத காரியமன்று. அடுக்கிய இடத்திலிருந்து உலர்ந்த பின்னரே விறகை வீட்டுக்குக் கொண்டுசென்றால், முன் சொன்ன 30 கிலோகிராம் சுமை 22 கிலோகிராமுக்கும் குறைந்துவிடும். பெண்களின் முதுகெலும்பு அதற்கு நன்றி கூறும்.

முழு ஆண்டு இயலாதெனின் ஒரு மாத இருப்போடு தொடங்கலாம். மிகக் கடுமையான பனி பெய்யும் மாதத்துக்கேனும் உலர்ந்த விறகு கையிருப்பில் இருப்பது, கதவு சன்னல்களை மூடிக்கொண்டு வாழும் அந்நாட்களில் குழந்தையின் மார்புக்குச் செய்யும் பெரிய உதவி.

உலர் விறகு மட்டும் போதாது

உலர்ந்த விறகு புகையைக் குறைக்கும். ஆபத்து முழுவதையும் நீக்காது. இரவில் தீ அணையாதிருக்கக் காற்று வழியை முற்றும் அடைப்பது பலருடைய வழக்கம். அப்போது எத்தனை உலர்ந்த விறகும் குமையவே செய்யும். கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு அப்போது உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் செம்பொருளோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்தோடு அது இணைந்துகொள்கிறது. தலைவலி, தள்ளாட்டம், தூக்கம், பின்னர் மரணம் என்பது அதன் வரிசை. புகைக்குழாய் இல்லாத அங்கீட்டியில் கரித்தணலை இட்டு, அறையை மூடித் தூங்கியோர் இறந்த செய்தி வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் வெளிவருகிறது. தணலில் புகை இல்லையென்பதால் விஷம் இல்லையென்று எண்ணுவதே அம்மரணங்களுக்குக் காரணம். குழாயை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தலும், காற்று வர ஒரு வழி விடுதலும், குழாயில்லாத அடுப்பை உறங்கும் அறையில் வையாதிருத்தலும் உலர்ந்த விறகுக்கு ஈடான அவசியமுடையவை.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும்

இவ்வுண்மைகளை மக்கள் சொல்லக் கேட்டு நம்பமாட்டார்கள்; கண்டு நம்புவார்கள். அதற்குப் பள்ளிக்கூடமே சிறந்த இடம். ஒரே மரத்திலிருந்து ஒத்த நீளமுள்ள மூன்று துண்டுகளை எடுக்கவும். ஒன்றைப் பட்டையோடு முழுதாகவும், ஒன்றைப் பிளந்து கூரையின் கீழும், ஒன்றைப் பிளந்து ஈரத் தரையிலும் வைக்கவும். வாரந்தோறும் ஒரே நாளில் எடையிட்டு மாணவர் வரைபடம் தீட்டட்டும். இரண்டு மாதத்தில் அக்கோடுகள் சொல்லும் பாடத்தை எந்தச் சொற்பொழிவும் சொல்லாது. ஈர அளவு காண விரும்பினால், துண்டின் நடுவிலிருந்து சிறு வில்லை அறுத்து எடையிட்டு, மிதமான சூட்டில் எடை மேலும் குறையாதவரை உலர்த்தி மீண்டும் எடையிடலாம். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈர சதவிகிதம் கிடைக்கும். உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கு இது கடினமன்று.

கருவியின்றியும் விறகைச் சோதிக்கலாம். உலர்ந்த இரு கட்டைகளைத் தட்டினால் கணீரென ஒலிக்கும்; ஈரமானவை மந்தமாக ஒலிக்கும். உலர்ந்ததில் வெட்டுமுகம் வெடித்திருக்கும். பட்டை எளிதிற் கழலும். எரியும்போது வெட்டுமுகத்தில் நுரை கொப்பளித்தால் அது இன்னும் எரிவதற்குரிய விறகன்று. வீட்டுக்கு வெளியே நின்று புகைக்குழாயைப் பார்த்தாலும் போதும்: தீ நன்கு பற்றிய பின்னரும் அடர்ந்த புகை வந்துகொண்டிருந்தால், அந்த வீட்டார் விறகில் பாதியை வானத்துக்கு அனுப்புகின்றனர் என்று கூறலாம்.

களப்பணியாளர் ஒரு வீட்டுக்குச் சென்றதும் முதலில் அடுப்பைப் பார்ப்பது வழக்கம். அதற்கு முன்னர் விறகு அடுக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நல்ல அடுப்புக்குப் பணம் வேண்டும். உலர்ந்த விறகுக்கு வேண்டியது கோடரி, கூரை, முன்யோசனை ஆகிய மூன்றே. இவற்றுள் முதல் இரண்டும் மலைமக்களிடம் உள்ளன. மூன்றாவதையும் விதைநெல் காக்கும் உழவனாக அவர்கள் நன்கறிவார்கள். விறகையும் விதைநெல்லைப் போல் ஓராண்டு முன்னே நினைக்கும் வழக்கத்தை ஏற்படுத்துவதே நம் பணி. இந்தப் பனிக்காலம் முடியுமுன் அடுத்த பனிக்காலத்து விறகு பிளந்து அடுக்கியாக வேண்டும்.